சிற்றலையில் சட்டென்று திரும்ப எந்தச் செட்டை? மணற்காட்டுக் கடலில் சில பருவங்களின் அனுபவம்

இலங்கையில் அலைச்சறுக்கு என்றால் அறுகம் குடாதான் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அங்கே முனையைச் சுற்றி வரும் அலை நீண்டு ஓடும். ஆற அமரத் திரும்பலாம். யாழ்ப்பாணத்துக் கடல் அப்படியில்லை. வடமராட்சி கிழக்கில், மணற்காட்டிலிருந்து தெற்கே நீளும் கரையில், வாடைக்காற்று பெயர்ந்த பிறகுதான் அலை எழும். காற்று சற்றே தணிந்த காலைகளில் இடுப்பளவு அலை மணல் திட்டில் முட்டி உடைந்து, நாம் எழுந்து நின்ற சில வினாடிகளில் மூடிக்கொள்ளும். அதற்குள் ஒரு திருப்பமாவது முடித்துவிட வேண்டும். பலகையின் அடியில், வால் பக்கம், மீன் செட்டைபோல் நீட்டிக்கொண்டிருக்கும் செட்டை (fin) எது பூட்டியிருக்கிறோம் என்பதே இங்கே பாதி வேலையைத் தீர்மானிக்கிறது.

என் எடை 70 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. பலகை 5 அடி 10 அங்குலம், வால் அகலமானது. செட்டை செய்யும் எஃப்சிஎஸ் நிறுவனத்தின் அட்டவணைப்படி 65 முதல் 80 கிலோ வரையுள்ளவர்களுக்கு மத்திம அளவுச் செட்டை. அந்த அட்டவணை நல்ல தொடக்கம்தான். ஆனால் குறுகிய திருப்பத்துக்கு அளவைவிட வடிவமே முக்கியம் என்பதைப் பல பருவங்கள் மாற்றி மாற்றிப் பூட்டிப் பார்த்துச் சொல்கிறேன்.

செட்டையின் நுனி எவ்வளவு பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறதோ அவ்வளவு நீண்ட வளைவாகப் பலகை திரும்பும். பெரிய அலையில் அது பிடிமானம் தரும். மணற்காட்டிலோ வளைவு முடிவதற்குள் அலை முடிந்துவிடும். செங்குத்தாக நிற்கும் செட்டை, பின்காலை அழுத்தியவுடன் நின்ற இடத்திலேயே பலகையைச் சுழற்றிவிடும். அடிப்பாகம் நீளமாக உள்ள செட்டை வேகம் தரும். அதனால்தான் அடி நீண்ட கீல் வகை மெல்லிய அலையிலும் விரைந்து ஓடுகிறது. ஆனால் அதைத் திருப்ப இடம் வேண்டும். அந்த இடம் நம் கடலில் இல்லை. நான்கு செட்டை பூட்டும் அமைப்புக்கும் ஏறக்குறைய இதே தீர்ப்புத்தான்.

இரண்டு செட்டை மட்டும் பூட்டினால்? தண்ணீர் கண்ணாடிபோல் கிடக்கும் காலையில் அதற்கு இணையே இல்லை. இந்த அமைப்பைப் பெரும்புகழுக்குக் கொண்டுவந்த ஆஸ்திரேலியர் மார்க் ரிச்சர்ட்ஸ் 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நான்கு முறை உலகப் பட்டம் வென்றார். ஆனால் வாடை கிளப்பும் சிறு கொந்தளிப்பில் வால் பக்கவாட்டில் வழுக்கும். அவர் நாட்டவரான சைமன் அண்டர்சனுக்கும் இந்த வழுக்கல்தான் பிரச்சினை. அதற்குத் தீர்வாக 1980இல் மூன்று செட்டைப் பலகையை உருவாக்கினார்.

நான் நிலைத்து நிற்பது இரண்டுக்கும் நடுவில். முன்னிரண்டும் செங்குத்தான மத்திமச் செட்டைகள், பின்னால் அவற்றைவிடத் தெளிவாகச் சிறிய ஒன்று. மூன்றையும் சேர்த்துச் சிறிதாக்கினால் வேகமும் பிடிப்பும் சேர்ந்தே போய்விடும். பின்னதை மட்டும் குறைத்தால் முன்னிரண்டும் உந்துதலைக் காக்கும், வால் மட்டும் இலகுவாக விடுபடும். உடையும் அலையின் விளிம்பில் இடுப்பைத் திருப்பிய கணத்தில், வால் ஒரு சாண் அளவு வழுக்கி உடனே மீண்டும் பிடிப்பதைப் பின்பாதத்தில் உணரலாம். அந்த உணர்வுக்காகத்தான் வாடைக்காலம் எப்போது வரும் என்று காத்திருக்கிறேன்.

பொருளைப் பொறுத்தவரை, பலகையோடு இலவசமாக வரும் பிளாஸ்டிக் செட்டை வளைந்து கொடுத்துப் பிறகே தள்ளும். குறுகிய அலையில் அந்தத் தாமதம் கட்டுப்படியாகாது. ஃபைபர் கிளாஸுக்குச் செலவழிப்பது வீண் போகாது. வாங்குமுன் பலகையின் பொருத்துக்குழியைப் பாருங்கள்: எஃப்சிஎஸ் செட்டைக்கு இரண்டு பற்கள், இன்னொரு நிறுவனமான ஃபியூச்சர்ஸின் செட்டைக்கு ஒரே நீண்ட அடி. ஒன்று மற்றதில் ஏறாது. நான் அறுகம் குடாவில் பருவ காலத்தில் வாங்கினேன். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் சொல்லிவிடுவதும் வசதி.

பராமரிப்பில் மணல்தான் எதிரி. திருகாணிக் குழியில் மணல் இறுகினால் சாவி வழுக்கித் திருகாணியின் தலை தேய்ந்துவிடும். ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவிவிடுகிறேன். கரையை நெருங்கும்போது முழங்காலளவு நீர் வரும்வரை ஓட்டாமல் முன்னதாகவே இறங்கிவிடுங்கள். பருத்தித்துறைப் பக்கம் முருகைக்கல்லில் உரசினால் செட்டையின் விளிம்பு பிசிறும். பிசிறிய செட்டை வேகத்தில் ரீங்காரமிடும். மென்மையான உப்புத்தாளால் பின்விளிம்பைச் சீராகத் தேய்த்தால் சத்தம் அடங்கும்.

கரைவலை வளைத்திருக்கும் பக்கம் இறங்கவே வேண்டாம். செட்டையில் வலை மாட்டினால் மீனவர்களுக்கு நட்டம், நமக்கு உயிராபத்து. "அண்ணை, வலை எந்தப் பக்கம் கிடக்கிறது?" என்று கேட்டால் கை நீட்டிக் காட்டுவார்கள்.

முழுத் தொகுதி வாங்கக் கையில் காசில்லையென்றால், இப்போதுள்ள முன் செட்டைகளை அப்படியே வைத்துக்கொண்டு சிறிய பின் செட்டை ஒன்றை மட்டும் வாங்கிப் பூட்டிப் பாருங்கள். குறைந்த செலவில் கிடைக்கும் பெரிய மாற்றம் அதுதான்.