கோல்ட்பிளேயின் ‘தி சயின்டிஸ்ட்’: கல்யாண வீட்டில் போடாதீர்கள்

2002இல் வந்த பாட்டுக்கு இப்போது என்ன விமர்சனம் என்று கேட்பீர்கள். 2024 ஜனவரியில் இங்கிலாந்து ராக் குழுவான கோல்ட்பிளே நம் சிங்கப்பூர் காலாங் தேசிய விளையாட்டரங்கில் 6 இரவுகள் பாடிவிட்டுப் போனார்கள் அல்லவா, அதற்கப்புறம் கல்யாண வரவேற்பில் ஓடும் ஸ்லைட் ஷோவுக்குக்கூட நம்மவர்கள் இதைப் போடுகிறார்கள். வீடியோவைக் கடைசிவரை பார்த்த எவரும் அந்தக் காரியத்தைச் செய்ய மாட்டார்கள்.

முதலில் பாட்டு. ‘எ ரஷ் ஆஃப் பிளட் டு தி ஹெட்’ ஆல்பத்தில் இருப்பது, 5 நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும். ஆரம்பத்தில் பியானோவும் குழுவின் பாடகர் கிறிஸ் மார்ட்டின் குரலும் மட்டும்தான், அதே நாலு கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) திரும்பத் திரும்ப வருகிறது, டிரம்ஸ் சாவகாசமாக வந்து சேர்கிறது. நம் சினிமாப் பாட்டில் சரணத்துக்கு முன்னால் வயலின் கூட்டம் ஒன்று பொங்கி வருமே, அதை எதிர்பார்த்து உட்கார்ந்தால் ஏமாற்றம்தான். ஆனால் கடைசியில் வார்த்தையே இல்லாமல் கள்ளக்குரலில் (ஃபால்செட்டோ என்னும் மெல்லிய உச்சக்குரல்) மேலே ஏறுகிறார் பாருங்கள், அந்த இடத்துக்காகவே முழுசாகக் கேட்கலாம். காலாங்கில் அந்த ஏற்றத்தை மொத்த அரங்கமும் சேர்ந்து இழுத்தது, எனக்குப் பக்கத்தில் நின்ற அக்கா மட்டும் அழுதுகொண்டே போனில் படம் பிடித்தார்.

ஜேமி திரேவ்ஸ் இயக்கிய வீடியோ முழுக்கப் பின்னோக்கி ஓடுகிறது. மெத்தையில் கிடக்கும் பாடகர் எழுந்து, தெருக்களையும் காட்டையும் பின்னால் நடந்தே கடந்து, நொறுங்கிய ஒரு காருக்கு வந்து சேருகிறார். பின்னாலிருப்பவர்கள் எல்லாம் தலைகீழ் ஓட்டத்தில் தடுமாற, இவர் வாய் மட்டும் வரிகளோடு சரியாகப் பொருந்துகிறது. எப்படி என்றால், மொத்தப் பாட்டையும் பின்னாலிருந்து முன்னால் பாட மனுஷன் ஏறக்குறைய ஒரு மாதம் பழகியிருக்கிறார். உதட்டை உற்றுப் பாருங்கள், சில எழுத்துகளில் லேசாக ஒரு பிசிறு தட்டும். எனக்கு அந்தப் பிசிறுதான் பிடித்திருக்கிறது, இன்றைக்குக் கணினியில் வழுவழுவென்று செய்திருந்தால் இந்த உயிர் வந்திருக்காது. 2003 எம்டிவி விருதுகளில் சிறந்த இயக்கம் உட்பட 3 விருது வாங்கியது சும்மா இல்லை.

எனக்கு ஒரு குறை உண்டு. பாட்டில் வரும் கதையில் தப்பு காதலனுடையது. எண்ணும் கணக்குமாகவே இருந்து காதலியைக் கோட்டை விட்டவன், மறுபடி முதலிலிருந்து தொடங்கலாமா என்று கெஞ்சுகிறான். வீடியோவில் அது கார் விபத்தாகிவிடுகிறது, அவள் சீட் பெல்ட்டைக் கழற்றுகிறாள், அவ்வளவுதான். விதியின் மேல் பழி போட்டதும் அவன் மன்னிப்புக்கு வேலையே இல்லாமல் போகிறது. ஆனாலும் எல்லாம் முடிந்த பிறகு, ஒன்றுமே நடக்காதது போல இருவரும் அதே காரில் போய்க்கொண்டிருப்பதைக் காட்டும்போது, நான் சொன்ன குறை எல்லாம் எங்கேயோ போய்விடுகிறது, என்ன செய்வது.

யூடியூபில் இருக்கிறது. விரைவு ரயிலில் போன் திரையில் பார்த்தால் வாயசைவு பிடிபடாது, வீட்டு டிவியில் போட்டுப் பாருங்கள். அதற்கு முன்னால் ஒரு தடவை படம் இல்லாமல் பாட்டை மட்டும் கேட்டுவிடுங்கள், பார்த்த பிறகு அந்தக் காரை மறந்துவிட்டுக் கேட்பது கஷ்டம்.