மூன்றரை வருடக் கிரகித்தல் பயிற்சி: எனக்குக் கைகொடுத்ததும் கொடுக்காததும்

2022 தை மாதம் தொலைக்கல்வியில் பட்டப்படிப்புக்குப் பதிந்தபோது எனக்கு வயது 39. திருகோணமலை உப்புவெளியில் ஒரு முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். முதல் வருடப் பாடங்கள் தமிழில் இருந்தன. ஆனால் ஆங்கிலம் கட்டாயப் பாடம். இரண்டாம் வருடத்திலிருந்து வாசிக்கச் சொல்லித் தரும் கட்டுரைகளும் ஆங்கிலத்தில்தான் வரும் என்று பதியும்போதே சொல்லிவிட்டார்கள். சாதாரண தரத்தில் ஆங்கிலத்துக்கு எனக்கு எஸ், அதாவது ஆகக் குறைந்த சித்தி. அதன் பிறகு இருபது வருடத்துக்கு மேல் மருந்துப் பெட்டியையும் பஸ் பலகையையும் தவிர ஆங்கிலத்தில் எதையும் உட்கார்ந்து வாசித்ததில்லை.

1980 இல் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் தொடங்கிய பிறகு, வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்களுக்கு இந்த நாட்டில் வழி அகலமாகியது. எங்கள் பக்கத்திலும் நிறையப் பேர் அப்படிப் படிக்கிறார்கள். அவர்களில் பலர் பாதியில் விடுவது பாடம் கடினம் என்பதால் இல்லை, ஆங்கிலக் கிரகித்தலில், அதாவது ஒரு பந்தியை வாசித்து விளங்கிக் கேள்விக்கு விடை எழுதுவதில், மாட்டிக்கொண்டுதான். நான் பார்த்தவரையில் சொல்கிறேன். அதனால்தான் இந்த மூன்றரை வருடத்தில் நான் பயன்படுத்தியவற்றை விரிவாக எழுதுகிறேன்.

முதல் மூன்று மாதம் செய்த பிழை எல்லோரும் செய்வதுதான். ஒரு பந்தியை எடுப்பேன். தெரியாத சொல்லுக்கெல்லாம் தொலைபேசியில் இருக்கும் அகராதியில் அர்த்தம் பார்த்து, சொல்லுக்கு மேலேயே பென்சிலால் தமிழில் எழுதுவேன். ஒரு பக்கத்துக்கு ஒன்றரை மணித்தியாலம் போகும். முடிவில் பக்கம் முழுக்கத் தமிழ் இருக்கும், ஆனால் பந்தி என்ன சொல்கிறது என்று கேட்டால் சொல்ல வராது. பயிற்சியில் பத்துக் கேள்விக்கு நாலு சரி வந்தால் அன்று நல்ல நாள்.

அந்தப் பழக்கத்தை மாற்றியது மின்வெட்டு. 2022 பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லாமல் இருந்தது நினைவிருக்கும். தொலைபேசியில் இருக்கிற கொஞ்சச் சார்ஜை அவசரத்துக்கு வைத்திருக்க வேண்டும். அகராதி திறக்க முடியாது. ஒப்படைக்கு நாள் நெருங்கிவிட்டது. குப்பி விளக்கை வைத்துக்கொண்டு அச்சிட்ட பாடப் புத்தகத்தை அகராதி இல்லாமல் வாசித்தேன். தெரியாத சொல்லைத் தாண்டி அடுத்த வசனத்துக்குப் போனேன். இரண்டு மூன்று வசனம் போனதும் அந்தச் சொல் என்னவாக இருக்கும் என்று ஊகிக்க முடிந்தது. அன்று இரவு ஒரு முழுப் பந்தியின் கருத்தைத் தமிழில் என் மகனுக்குச் சொன்னேன். அகராதி திறந்திருந்த நாட்களில் ஒருபோதும் அப்படிச் சொல்ல முடிந்ததில்லை.

அகராதியை முற்றாக விட்டுவிடவில்லை. முதலாம் வாசிப்பில் தொடுவதில்லை. இரண்டாம் வாசிப்பில் விளங்காமல் வழியை மறிக்கிற சொல்லை மட்டும் பார்ப்பேன், பக்கத்துக்கு ஐந்துக்கு மேல் இல்லை.

ஆனால் எனக்குப் பெரிய திருப்பம் வேறு. உவர்மலையில் இளைப்பாறிய ஆங்கில ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். புதன்கிழமைகளில் பின்னேரம் போவேன். ஒருநாள் இந்த வசனத்தைக் கொடுத்தார்: 'த சில்ட்ரன் ஹூ பிளேய்ட் வித் த அடல்ற்ஸ் ஷெயார்ட் த ரோய்ஸ்.' இதில் ஒரு சொல்கூட எனக்குத் தெரியாததில்லை. விளையாட்டுச் சாமான்களைப் பகிர்ந்தது யார் என்று கேட்டார். பெரியவர்கள் என்று சொன்னேன். 'அடல்ற்ஸ் ஷெயார்ட்' என்று பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறதே.

அவர் பென்சிலை எடுத்து 'ஹூ' வில் தொடங்கி 'அடல்ற்ஸ்' வரைக்கும் ஒரு கோட்டால் சுற்றி வளைத்தார். "பிள்ளை, இதைக் கையால மறைச்சிட்டு வாசியும்" என்றார். சில்ட்ரன் ஷெயார்ட் த ரோய்ஸ். பகிர்ந்தது பிள்ளைகள். பெரியவர்களோடு விளையாடிய பிள்ளைகள்.

அதற்கு அவர் சொன்ன காரணம் இன்றைக்கும் எனக்கு ஒவ்வொரு பக்கத்திலும் உதவுகிறது. தமிழில் நாம் 'பெரியவர்களோடு விளையாடிய பிள்ளைகள்' என்கிறோம். விளக்கமெல்லாம் முன்னால் வந்து, கடைசியில்தான் பெயர் வரும். வினையும் வசனத்தின் கடைசியில் வந்து உட்காரும். ஆகவே எங்கள் மனம் கடைசிச் சொல்லுக்காகக் காத்திருந்து பழகியது. ஆங்கிலத்தில் பெயர் முதலில் வந்துவிடும், விளக்கம் பின்னால் வாலாக நீளும், அந்த வால் முடிந்த பிறகுதான் பிரதான வினை வரும். வாலுக்குள் இருக்கிற கடைசிப் பெயரையே நாங்கள் எழுவாயாக எடுத்துவிடுகிறோம். எனக்கு நடந்தது அதுதான். புத்தியில் குறையில்லை, பழகிய திசை வேறு.

அதற்குப் பிறகு ஒரு வருடம் நான் செய்த முக்கியமான பயிற்சி இது ஒன்றே. பழைய வினாத்தாள் பந்தி ஒன்றைப் பிரதி எடுப்பேன். 'ஹூ', 'விச்', 'தட்' தொடங்குகிற வால்களைப் பென்சிலால் வளைப்பேன். மிஞ்சுகிறதில் பிரதான வினைக்குக் கீழே இரண்டு கோடு போடுவேன். அந்த வினையைச் செய்தது யார் என்று தமிழில் ஒரு சொல் ஓரத்தில் எழுதுவேன். அவ்வளவுதான், மொழிபெயர்ப்பு கிடையாது. காலை ஐந்து மணிக்கு எழும்பி, தேத்தண்ணியோடு பத்து வசனம். முதலில் அரை மணித்தியாலம் எடுத்தது, பிறகு பத்து நிமிடமாகியது. ஒரு கட்டத்தில் பென்சில் இல்லாமலே கண் வளைக்கப் பழகிவிட்டது.

சின்னச் சொற்களுக்கு ஒரு தனிக் கொப்பி வைத்திருக்கிறேன். பெரிய சொல் தெரியாவிட்டால் தெரியவில்லை என்றாவது நமக்குத் தெரியும். சின்னச் சொல் தெரிந்த மாதிரி நின்று அர்த்தத்தைக் கவிழ்த்துவிடும். 'எ ஃபியூ ரீச்சர்ஸ்' என்றால் ஆசிரியர்கள் சிலர். 'ஃபியூ ரீச்சர்ஸ்' என்றால் மிகச் சிலரே, அநேகமாக யாருமில்லை என்ற சாயல். அந்த 'எ' ஒன்றைத் தவறவிட்டதால் ஒரு பரீட்சையில் மூன்று விடைகள் எனக்குப் பிழைத்தன, மூன்றும் ஒரே பந்தியைப் பற்றிய கேள்விகள். 'ஹார்ட்லி', 'அன்லெஸ்', 'ஓல்தோ', 'ஃபெயில்ட் ரு' எல்லாம் இந்தக் கொப்பியில் இருக்கின்றன. 'ஹவெவர்' வந்தால் பக்கத்தில் அம்புக்குறி போடுவேன். எழுதியவரின் சொந்தக் கருத்து பெரும்பாலும் அதற்குப் பின்னால்தான் இருக்கும்.

சொல்வளத்துக்கு வருவோம். எந்தச் சொல்லைப் படிப்பது என்று தெரியாமல் அகராதியை 'ஏ' யிலிருந்து தொடங்கியவர்களை எனக்குத் தெரியும். அது வேண்டாம். ஏவெரில் கொக்ஸ்ஹெட் என்பவர் 2000 ஆம் ஆண்டு வெளியிட்ட கல்விசார் சொற்பட்டியல் ஒன்று இருக்கிறது. 570 சொற்குடும்பங்கள், அதாவது ஒரே அடிச்சொல்லிலிருந்து வருபவற்றைச் சேர்த்து ஒன்றாக எண்ணியவை. பல்கலைக்கழகப் பாட நூல்களில் வரும் சொற்களில் ஏறத்தாழப் பத்தில் ஒன்று இந்தப் பட்டியலுக்குள் அடங்கும். இன்ரநெற்றில் இலவசமாகக் கிடைக்கிறது. அடிக்கடி வருபவை முதலில் வரும்படி பத்துப் பிரிவாகப் பிரித்திருக்கிறார்கள், முதற் பிரிவில் 60 சொற்கள். 'அஸ்யூம்', 'இண்டிகேற்', 'சிக்னிஃபிகன்ற்' எல்லாம் அதில்தான். கிழமைக்குப் பத்துச் சொல் என்று எடுத்தேன். எல்லாவற்றையும் முடிக்கவில்லை, முதல் நாலு பிரிவுதான் முடித்தேன். அதுவே என் பாடக் கட்டுரைகளை வாசிக்கும் வேகத்தைக் கண்கூடாக மாற்றியது.

மட்டத்துக்கு ஏற்றதை வாசிப்பது இன்னொரு விடயம். போல் நேஷன் போன்ற ஆய்வாளர்கள் சொல்வது, அகராதியின் உதவி இல்லாமல் ஒன்றை நன்றாக விளங்கிக்கொள்ள நூறு சொல்லில் 98 தெரிந்திருக்க வேண்டும் என்று. நான் அதைக் கொஞ்சம் தளர்த்தி ஒரு சோதனையாக வைத்திருக்கிறேன். புதிதாக ஒன்றை எடுத்தால் முதல் நூறு சொல்லை எண்ணுவேன். ஐந்துக்கு மேல் தெரியாவிட்டால் அது இப்போதைக்கு எனக்கில்லை. மூடி வைத்துவிட்டு எளிதானதை எடுப்பேன். ஆங்கிலம் படிப்பவர்களுக்கென்று எளிதாக்கிய ஒக்ஸ்போர்ட்டின் புக்வேர்ம்ஸ் புத்தக வரிசையில் முதல் படி 400 அடிச்சொற்களோடு தொடங்கி ஆறாம் படியில் 2500 வரை போகும். வளர்ந்த நான் சிறுவர் புத்தகம் மாதிரி இருப்பதை வாசிப்பதா என்று முதலில் கூச்சமாக இருந்தது உண்மை. இரண்டாம் படியில் ஒரு புத்தகத்தை ஒரே இருப்பில் முடித்த அன்று கூச்சம் போய்விட்டது. ஆங்கிலத்தில் நான் முழுதாக வாசித்து முடித்த முதல் புத்தகம் அது.

பிரிட்டிஷ் கவுன்சிலின் லேர்ன் இங்கிலிஷ் தளத்தில் வாசிப்புப் பகுதி ஏ 1 (ஆரம்பநிலை) முதல் சி 1 (உயர்நிலை) வரை மட்டம் மட்டமாக இருக்கிறது, கட்டணம் இல்லை. வாசிக்கும் முன் சில சொற்களைப் பொருத்தச் சொல்வார்கள். அதைத் தாண்டிப் போகாமல் செய்தால் பந்தி இலகுவாகும். நான் ஏ 2 இல் தொடங்கினேன். இப்போது பி 2. டேற்றா குறைந்த நாட்களுக்கென்று முன்கூட்டியே பிரதி எடுத்து வைப்பது நல்லது.

காசு கொடுத்து ஏமாந்தவையும் உண்டு. ஒரு செயலிக்கு வருடச் சந்தா கட்டினேன். விடை சரியென்றால் பச்சை, பிழையென்றால் சிவப்பு. ஏன் பிழை என்று ஒரு வரி இல்லை. நாலு விடையில் ஒன்றை ஊகிக்கும் திறமைதான் வளர்ந்தது. அப்புறம் ஒரு தனியார் வகுப்பு, ஆறு மாதம். கேள்வியில் இருக்கிற சொல்லைப் பந்தியில் தேடிப் பிடித்து, அந்த வசனத்தை அப்படியே பிரதி பண்ணச் சொல்லித் தந்தார்கள். சாதாரண தரப் பிள்ளைக்கு அது சில புள்ளி எடுத்துக் கொடுக்கலாம். எங்கள் பரீட்சையில் கேள்வி வேறு சொல்லில் இருக்கும், விடையும் சொந்த வசனத்தில் எழுத வேண்டும். இப்போது யார் கேட்டாலும் அந்த வகையான வகுப்புக்குப் போக வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

பிரான்சிஸ் ரொபின்சன் 1946 இல் சொன்ன எஸ்.கியூ.3.ஆர் முறையும் பார்த்தேன். முதலில் மேலோட்டமாகப் பார்ப்பது, கேள்வி எழுப்புவது, வாசிப்பது, நினைவிலிருந்து சொல்வது, மீட்டுப் பார்ப்பது. பாடப் புத்தகத்தின் நீண்ட அலகுக்கு அருமை. நேரம் குறித்த பரீட்சைப் பந்திக்கு இழுவை.

இனி, இந்த மூன்றரை வருடத்தில் எனக்குக் கிடைத்த ஆகப் பெரிய உதவி. கிண்ணியாவிலிருந்து என்னோடு படிக்கும் தங்கச்சி ஒருத்தி. 2009 இல் 396 மீற்றர் நீளப் பாலம் திறந்ததால்தான் ஞாயிறுகளில் அவளால் வந்து பொழுதுபட முன் வீடு திரும்ப முடிகிறது. முன்பு பாதையில், அதாவது மிதவையில், ஏறிக் கடக்க வேண்டியிருந்த காலத்தில் இது நடந்திராது. ஒருவருக்கொருவர் கிரகித்தல் பந்தி எழுதிக் கொடுத்துக் கேள்வியும் தயாரிப்போம் என்பது அவளுடைய யோசனை. ஐயெல்ட்ஸ் என்ற சர்வதேச ஆங்கிலப் பரீட்சையின் வினாத்தாள்களில் வரும் முறையில்: சரி, பிழை, 'நொட் கிவின்', அதாவது பந்தியில் சொல்லப்படவில்லை.

அவள் எழுதிய முதல் பந்தி சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளைப் பற்றியது. பன்னிரண்டு வசனம். பிரித்தானியர் கட்டியது, துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு எரிபொருள் வைத்திருந்தது, எண்ணிக்கை 99, இப்போது காட்டுக்குள் நிற்பது. நாலாவது கேள்வி: இரண்டாம் உலக யுத்த காலத்தில் யப்பானிய விமானங்கள் அங்கே தாக்கின. நான் யோசிக்காமல் 'சரி' என்று எழுதினேன். 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி யப்பான் விமானங்கள் திருகோணமலைக்குக் குண்டு போட்டது எங்கள் ஊரில் யாருக்குத் தெரியாது? என் அம்மப்பா அந்தக் கதையைச் சொல்லியே எங்களை வளர்த்தார்.

அவள் பேப்பரைத் திருப்பி என் பக்கம் வைத்தாள். "டீச்சர், எந்த வரியில இருக்குன்னு விரலை வைங்க" என்றாள். மேலிருந்து கீழ் வரை தேடினேன். விரல் வைக்க வரி இல்லை. "நீங்க ஊர்க் கதையை வாசிக்கிறீங்க, பேப்பரை வாசிக்கல்ல" என்றாள்.

அன்றிலிருந்து எந்த விடைக்கும் வரி இலக்கம் எழுதாமல் நான் அடுத்த கேள்விக்குப் போனதில்லை. என் பழைய பிழைகளைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் இதே வகை. முன்பள்ளி, பிள்ளை வளர்ப்பு, கடல், மழை என்று எனக்குத் தெரிந்த விடயம் வந்த பந்திகளில்தான் அதிகம் பிழைத்திருக்கிறேன். தெரியாத விடயம் வந்தபோது கவனமாக வாசித்திருக்கிறேன். வயது வந்து படிப்பவர்களுக்கு இந்த இடர் அதிகம், ஏனென்றால் எங்களுக்கு அனுபவம் அதிகம். பள்ளிப் பிள்ளைகளுக்கென்று எழுதிய பயிற்சி நூல் எதிலும் இதை யாரும் சொல்லி நான் பார்க்கவில்லை.

கேள்வி தயாரிப்பதும் ஒரு பயிற்சிதான், விடை எழுதுவதைவிடக் கடினம். 'நொட் கிவின்' ஆக ஒரு கேள்வியை அமைக்க, பந்தி சொல்வது எது, சொன்னது போல் தோன்றுவது எது என்று அங்குலம் அங்குலமாகப் பார்க்க வேண்டும். முதல் பந்தியை எழுத எனக்கு இரண்டு இரவு எடுத்தது. என் ஆங்கில எழுத்தும் அதனாலேயே திருந்தியது.

இப்போது 400 சொல் பந்தி ஒன்றை ஐந்து நிமிடத்தில் முதல் வாசிப்பு முடிக்கிறேன். பத்துக்கு எட்டு, சில நாள் ஒன்பது. நீண்ட ஆய்வுக் கட்டுரைகள் இன்னும் என்னைக் களைக்கவைக்கின்றன. ஒரு நாளைக்கு மூன்று பக்கத்துக்கு மேல் போனால் கண் ஓடும், கருத்து நிற்காது. அதை வகுத்து வகுத்துத்தான் வாசிக்கிறேன். கடைசி வருட ஆங்கிலப் பரீட்சை மார்கழியில்.

இந்த ஞாயிறு பந்தி எழுதுவது என் முறை. கன்னியா வெந்நீர் ஊற்றுக்களைப் பற்றி எழுதி வைத்திருக்கிறேன். ஏழு கிணறு, பதினான்கு வசனம், பத்துக் கேள்வி. அதில் மூன்று 'நொட் கிவின்'. மூன்றும் கிண்ணியாவில் எல்லோருக்கும் தெரிந்த விடயங்கள்.