‘ஒரே முறை சுட்ட கூடு’ என்று விற்கிறார்கள், உள்ளே பார்க்காமல் வாங்காதீர்கள்

அமெரிக்காவில் மான் வேட்டைக்குத் தாங்களே தோட்டா நிரப்பிக்கொள்ளும் நம் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். .30-06 ரக ரைஃபிள் வைத்திருப்பவர்கள் கட்டாயம் படியுங்கள். "ஒரே ஒரு முறை சுட்டது, எல்லாம் ஒரே கம்பெனி முத்திரை, கழுவிப் பாலிஷ் போட்டது" என்று இணையத்தில் விளம்பரம் போட்டவரிடம் சுட்ட தோட்டாவின் காலிப் பித்தளைக் கூடுகள் வாங்கினேன். அதில் ஒன்று சுடும்போது, தோட்டா உட்காரும் சேம்பருக்குள்ளேயே இரண்டாக அறுந்தது. கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது.

பெட்டியைப் பிரித்தபோது ஒவ்வொரு கூடும் பளபளவென்று இருந்தது. மேலுக்குக் குறை சொல்ல எதுவும் இல்லை. என் வழக்கமான லோடையே அவற்றில் நிரப்பினேன்: 165 கிரெய்ன் எடையுள்ள புல்லட், அதே பவுடர், அதே எடை, பவுடரைப் பற்றவைக்கும் அதே ப்ரைமர். நான் வைத்திருக்கும் பழைய கூடுகளில் இந்த லோடு 100 கெஜத்தில் ஓர் அங்குலத்துக்குள் விழும். வாங்கியவற்றில் மூன்று அங்குலத்தையும் தாண்டிச் சிதறியது. ஸ்கோப் மவுண்ட் தளர்ந்துவிட்டதோ என்று திருகுகளைச் சரிபார்த்தேன், எல்லாம் இறுக்கமாகவே இருந்தன. பழைய கூட்டில் நிரப்பிய தோட்டாவைப் போட்டால் மறுபடி குண்டுகள் ஒரே இடத்தில் சேர்ந்தன. அப்படியானால் கோளாறு துப்பாக்கியில் இல்லை.

குண்டின் வேகத்தை அளக்கும் க்ரோனோகிராஃபை எடுத்து முன்னால் வைத்தேன். ஒரு தோட்டாவுக்கும் அடுத்ததற்கும் வேகம் விநாடிக்கு 100 அடிக்கு மேல் மாறியது. பலமுறை சுட்டு, கூட்டைப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் டையில் பலமுறை போட்டு இழுத்த பித்தளை, கழுத்துப் பக்கம் இறுகிவிடும். இடையில் சூடேற்றி இளக்காவிட்டால் ஒவ்வொரு கூடும் புல்லட்டை ஒவ்வொரு விதமாகப் பிடிக்கும். குறி சிதறியதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அந்த வரிசையைச் சுட்டு முடிப்பதற்குள்தான் கூடு அறுந்தது. சத்தமே வேறு மாதிரி கேட்டது, சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் போல்ட் பக்கமிருந்து புகை வந்தது. போல்ட்டைத் திறந்தால் அடிப்பாகம் மட்டும் வெளியே வந்தது, மீதிக் குழாய் சேம்பரிலேயே நின்றுவிட்டது. அதை துப்பாக்கி பழுதுபார்க்கும் கன்ஸ்மித்திடம் கொடுத்துத்தான் எடுக்க முடிந்தது.

வீட்டுக்கு வந்து மீதிக் கூடுகளில் சிலவற்றை ரம்பத்தால் நெடுக அறுத்தேன். உள்சுவரில், கூட்டின் கனமான அடிக்கட்டைக்குச் சற்று மேலே, நகம் பட்டாலே தெரிகிற அளவுக்கு ஒரு பள்ளம் சுற்றிலும் ஓடியது. சுடும்போது கூட்டின் முன்பகுதி சேம்பர் சுவரைக் கவ்விக்கொள்ள, பின்பகுதி போல்ட் முகத்தை நோக்கி இழுபடும். கழுத்துக்குக் கீழே சரியும் தோள்பட்டையை டையில் அளவுக்கு மேல் பின்னுக்குத் தள்ளித் தள்ளிச் சுட்டால், ஒவ்வொரு முறையும் பித்தளை அந்த இடத்தில் மெலியும். .30-06க்கு, அமெரிக்கத் துப்பாக்கி, தோட்டா தயாரிப்பாளர்களின் தர அமைப்பான SAAMI வைத்திருக்கும் உச்ச அழுத்தம் ஒரு சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு. அதைத் தாங்க வேண்டிய சுவர் அங்கே காகிதமாகிவிட்டிருந்தது. ஒரே முறை சுட்ட கூட்டில், சேம்பர் சரியாக இருந்தால், இப்படிப் பள்ளம் விழாது.

விற்றவரிடம் படங்களோடு எழுதினேன். "உங்கள் டை செட்டிங் தப்பு" என்றார். நான் டையில் போடாமல் வைத்திருந்த கூடுகளிலும் அதே பள்ளம் இருப்பதைக் காட்டியதும் பதிலே இல்லை. கார்டில் கட்டியிருந்ததால் வங்கி மூலம் பணம் திரும்பி வந்தது. அவரோ அதே படத்தை வேறு பெயரில் போட்டு இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறார். எனக்கு ஆத்திரம் வருவது அதனால்தான். இதை அவர் தெரியாமல் செய்யவில்லை.

பழைய கூடு வாங்குவதாக இருந்தால் சுட்ட ப்ரைமர் உள்ளேயே இருக்கிற, பாலிஷ் போடாத கூடாகக் கேளுங்கள். ப்ரைமரைத் தட்டி எடுத்து மினுக்கித் தருவது உதவி போலத் தெரியும், ஆனால் எத்தனை முறை சுட்டது என்று காட்டும் தடயங்கள் அதில்தான் அழிகின்றன. வந்த கூட்டின் வாயில் உள்ளும் புறமும் சாய்வாகச் சீவியிருந்தால் ஏற்கெனவே யாரோ நீளத்தை வெட்டிக் குறைத்து, கையால் ட்ரிம் செய்திருக்கிறார்கள். விளிம்பில், சுட்ட கூட்டை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டரின் கீறல்கள் பல இடங்களில் இருந்தாலும் சந்தேகப்படுங்கள். காலிப்பரில் நீளம் 2.494 அங்குலத்தைத் தாண்டினால் ட்ரிம் செய்யாமல் நிரப்பவே கூடாது. புது ப்ரைமர் பெரிய எதிர்ப்பே இல்லாமல் உள்ளே போனால் அந்தக் கூட்டை ஒதுக்கிவிடுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது கம்பிச் சோதனை. ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியைச் சின்னக் கொக்கியாக மடக்கிக் கூராக்குங்கள். கூட்டுக்குள் அடிவரை விட்டு, சுவரோடு அழுத்தியபடி மெதுவாக மேலே இழுங்கள். அடிக்கட்டை முடிகிற இடத்தில் நுனி எதிலாவது தடுக்கினால் அது பள்ளம். அதே உயரத்தில் வெளியே வெளிர் நிறத்தில் ஒரு வளையமும் சில சமயம் தெரியும். வளையம் இல்லை என்பதால் கூடு நல்லது என்று நம்பிவிடாதீர்கள், என் கூடுகளில் பாலிஷ் அதை மறைத்திருந்தது.

இப்படிப்பட்ட கூடுகள் உங்களிடம் ஏற்கெனவே இருந்தால் யாருக்கும் சும்மாகூடக் கொடுக்காதீர்கள். ப்ளையரால் வாயை நசுக்கிவிட்டு ஸ்கிராப்பில் போடுங்கள். அவற்றில் நிரப்பி வைத்த தோட்டாக்களைச் சுட்டுத் தீர்த்துவிடலாம் என்று நினைக்காமல், புல்லட்டைப் பிடுங்கிப் பவுடரைக் கொட்டிப் பிரித்துவிடுங்கள்.