அளப்பதில் கெட்டி, எடைபோடுவதில் கோட்டை விட்டவர்கள்: ஒரு சுற்றுச்சூழல் ஆய்வுச் சேவையின் விமர்சனம்

எங்கள் பள்ளியில் 8 வகுப்பறை, ஒரு ஆய்வகம், ஒரு வண்டி நிறுத்துமிடம் கட்ட அனுமதி கேட்டிருக்கிறோம். அதற்குச் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை தயாரிக்க ஒரு ஆலோசனை நிறுவனத்தை அமர்த்தினோம். பெற்றோர் பிரதிநிதியாகக் குழுவில் உட்கார்ந்திருக்கிற பாவத்துக்கு 214 பக்கத்தையும் நான்தான் படித்தேன். 5க்கு 3 நட்சத்திரம். கழித்த இரண்டும் ஒரே ஒரு அத்தியாயத்துக்காக.

களத்துக்கு வந்தவர்கள் தங்கம். ஒலி அளக்க வந்த பெண் முக்காலியில் கருவியை வைத்துவிட்டு, என் சாவிக்கொத்து சலசலக்கிறது என்று என்னைப் பத்தடி தள்ளி நிற்கச் சொன்னார். இடைவேளை மணி அடித்தால் அந்த நிமிஷத்தைக் குறித்துக்கொள்வார். மழைநீர்க் கணக்கும் அருமை. 1 சதுர மீட்டர் தளத்தில் 1 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 1 லிட்டர் தண்ணீர். மண்ணாக இருந்தால் ஒரு பங்கை உறிஞ்சிக்கொள்ளும், காங்கிரீட் அப்படியே அடுத்த வீட்டு வாசலுக்கு அனுப்பும். அதனால் வண்டி நிறுத்துமிடத்தில் நீர் இறங்கும் ஓட்டைக் கற்கள் பதிக்கச் சொன்னார்கள். எங்களுக்குத் தோன்றாத யோசனை.

வாகனக் கணக்கில் ஒரு சொதப்பல். பரீட்சை வாரத்தில் வந்து எண்ணிவிட்டுப் போனார்கள். அந்த வாரம் பிள்ளைகள் ஆளுக்கொரு நேரத்தில் வருவார்கள், வாசல் காலியாகத்தான் இருக்கும். நானே மூன்று நாள் காலையில் வாசலில் நின்று எண்ணி அனுப்பினேன். மறுபேச்சில்லாமல் திரும்ப வந்து எண்ணினார்கள், கூடுதல் கட்டணமும் கேட்கவில்லை. இந்தப் பெருந்தன்மைக்கே அரை நட்சத்திரம் கூடக் கொடுக்கலாம்.

அறிக்கையைப் படிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ‘தெருவில் இரைச்சல் 3 டெசிபல்தான் கூடும்’ என்று இருந்தது. குழுவில் எல்லோரும் ‘அவ்வளவுதானே’ என்றார்கள். டெசிபல் மடக்கைக் கணக்கு (logarithm), சாதாரணக் கூட்டல் மாதிரி ஏறாது. அதே மாதிரி வண்டிகள் அதே வேகத்தில் இரண்டு மடங்கு ஓடினால்தான் 3 டெசிபல் கூடும். காதுக்கு அது லேசான வித்தியாசம்தான், ஆனால் ‘வண்டி இரட்டிப்பாகும்’ என்று எழுதியிருந்தால் ஒருவரும் ‘அவ்வளவுதானே’ என்றிருக்க மாட்டார்கள். வகுப்பறைக்குள் பாடவேளையில் பின்னணி இரைச்சல் 35 டெசிபலுக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 1999லேயே சொல்லியிருக்கிறது. புதுக் கட்டடத்தின் தெருப்பக்க ஜன்னல்களைத் திறந்து வைத்தால் உள்ளே எவ்வளவு இருக்கும் என்று அறிக்கையில் தேடினேன். இல்லை.

இனி அந்த அத்தியாயம். பாதிப்பையும் பொதுநன்மையையும் சேர்த்து எடைபோட வேண்டிய 9ஆம் அத்தியாயம். பாதிப்புத் தட்டில் லிட்டர், டெசிபல், மர எண்ணிக்கை. நன்மைத் தட்டில் ‘தரமான கல்வி’, ‘ஒளிமயமான எதிர்காலம்’. ஒரு தட்டில் எடைக்கல், மறு தட்டில் வாழ்த்து மடல். 1970ல் வந்த கலிபோர்னியாச் சுற்றுச்சூழல் சட்டத்தின்படி, தவிர்க்க முடியாத பெரிய பாதிப்பு இருந்தும் ஒரு அரசு அமைப்பு அனுமதி கொடுத்தால், எந்த நன்மை அதை மிஞ்சுகிறது என்று ஆதாரத்தோடு எழுதி வைத்தாக வேண்டும். அந்த ஆதாரம்தான் எனக்கும் வேண்டியிருந்தது. இப்போது எத்தனை பிள்ளைகள் தாழ்வாரத்தில் உட்கார்ந்து படிக்கிறார்கள்? இடமில்லை என்று திருப்பி அனுப்பியவர்கள் தூரத்துப் பள்ளிக்கு எதில் போகிறார்கள்? அந்த வண்டியும் புகைதானே கக்குகிறது! ‘கட்டாமல் விட்டால்’ என்ற மாற்றுக்கு எதிரே பாதிப்பு பூஜ்யம் என்று போட்டிருக்கிறார்கள். அது பூஜ்யம் இல்லை. பள்ளிக்குச் சாதகமாக இருந்த வாதத்தைக்கூட எழுதாமல் விட்டிருக்கிறார்கள்.

இதைவிட மோசம், எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி நிறுத்தது. வெட்டப்போகிற மரங்கள் 11. வரைபடத்தில் விரல் வைத்துப் பார்த்தால் அதில் 9 வண்டி நிறுத்துமிடத்துக்காகப் போகிறவை. வகுப்பறைகளுக்கு இரண்டே இரண்டு. வகுப்பறையின் புண்ணியத்தில் பார்க்கிங்கும் சொர்க்கத்துக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டது. அந்த 9ல் ஒன்று, மூன்று பிள்ளைகள் கைகோத்தால்தான் கட்டிப்பிடிக்க முடிகிற மரம். அதற்கு ஈடாக இடுப்புயர நாற்று மூன்று நடுவார்களாம். அந்த நிழல் திரும்ப வருவதற்குள் இன்றைய ஒன்றாம் வகுப்புப் பிள்ளை பள்ளிப் படிப்பையே முடித்திருக்கும்.

பகுதி பகுதியாக நிறுத்துத் தாருங்கள் என்று இரண்டு பக்கத்துக்கு எழுதிக் கேட்டேன். ஒப்பந்தத்தில் அது இல்லை, தனிக் கட்டணம் ஆகும் என்று பதில் வந்தது. ஒப்பந்தத்தைத் திரும்பப் படித்தால், அவர்கள் சொன்னது சரிதான். கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன்.

இவர்களை அமர்த்தப் போகிறவர்கள் பணி விவரத்திலேயே மூன்றைச் சேர்த்துவிடுங்கள். ஒவ்வொரு கட்டுமானத்துக்கும் தனி எடை, கட்டாமல் விட்டால் வரும் பாதிப்பு, நட்ட நாற்று பிழைத்ததா என்று அடுத்த வருஷம் வந்து பார்ப்பது யார். களவேலைக்குக் கண்ணை மூடிக்கொண்டு கூப்பிடலாம். 9ஆம் அத்தியாயத்தை மட்டும் நாங்களே எழுதிக்கொண்டிருக்கிறோம். பார்க்கிங்கைப் பாதியாக்கினால் அந்தப் பெரிய மரம் தப்பிக்கிறது என்பது வரை வந்திருக்கிறோம்.