கரையான் மருந்து அடிக்க ஆள் கூப்பிடுகிறீர்களா? பணம் கொடுக்கும் முன் ஓட்டையைப் பாருங்கள்

மழை பிடித்துக்கொண்டது, சாயங்காலம் விளக்கைப் போட்டால் ஈசல், அதாவது இறக்கை முளைத்த கரையான், வந்து விழுகிறது. வீட்டில் கரையான் இருப்பதே பலருக்கு இப்போதுதான் தெரியவரும், உடனே யாரையாவது கூப்பிடத் தோன்றும். கூப்பிடும் முன் இதைப் படித்துவிடுங்கள். சென்னை மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டில் நடந்தது இது.

எங்களுடையது மாமனார் கட்டிய தரைத்தள வீடு. ஆடி மாதம் சமையலறைக் கதவு நிலையில் விரல் கனத்துக்கு ஒரு மண் கோடு ஏறியிருப்பதைப் பார்த்தேன். ஸ்க்ரூ டிரைவரால் லேசாகத் தொட்டதும் முனை உள்ளே இறங்கிவிட்டது. மேலே பெயிண்ட் மட்டும்தான் இருந்தது, உள்ளே மரமே இல்லை. பயந்துபோய், நெட்டில் தேடி முதலில் கிடைத்த எண்ணுக்குப் போன் செய்தேன். ஒரு மணி நேரத்தில் ஆள் வந்துவிட்டார். "மேடம், இப்படியே விட்டால் ஆறு மாதத்தில் கதவு கையோடு வந்துவிடும். ட்ரில் போட்டு மருந்து இறக்கிவிடலாம், ஐந்து வருஷம் வாரண்டி" என்றார். சதுர அடிக்கு 8 ரூபாய், 900 சதுர அடிக்கு 7,200. இன்றைக்கே செய்தால் 6,500. இன்றைக்கே என்று யாராவது அவசரப்படுத்தினால் தயவுசெய்து அன்றைக்குச் செய்யாதீர்கள்.

மத்தியானமே இரண்டு பையன்கள் ட்ரில்லிங் மெஷினும் 20 லிட்டர் கேனும் எடுத்து வந்தார்கள். கேனில் மருந்து ஏற்கெனவே கலந்திருந்தது, பால் மாதிரி இருந்தது. "என்ன மருந்து தம்பி?" என்றேன். "கம்பெனி மருந்து மேடம், வாசனையே வராது" என்றான். ஐம்பது நிமிஷத்தில் வேலை முடிந்தது. சுவரோரமாக 45 ஓட்டை, எல்லாவற்றிலும் ஒயிட் சிமெண்ட் அடைத்து, தரையைத் துடைத்துக்கூடக் கொடுத்தார்கள். பளபளவென்று ஒரு வாரண்டி அட்டையும் வந்தது. அதில் மருந்தின் பெயரும் இல்லை, உரிம எண்ணும் இல்லை. ஜிபேயில் முழுப் பணமும் அனுப்பினேன்.

ஐப்பசியில் ஒருநாள் படுக்கையறை அலமாரியின் அடித்தட்டிலிருந்து அத்தையின் கல்யாண ஆல்பத்தை எடுத்தேன். மேலட்டை அப்படியே இருந்தது. திறந்தால் நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் குழி, குழி முழுக்க ஈர மண், அதற்குள் வெள்ளை வெள்ளையாக ஓடுகின்றன. மாமனாரும் அத்தையும் மாலையோடு நிற்கிற படத்தில் மாலைதான் மிச்சம், முகங்கள் இல்லை. அத்தை ஒன்றும் சொல்லவில்லை. புடவைத் தலைப்பால் அந்த மண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மாமனார் போய் நாலு வருஷம் ஆகிறது, அந்தக் காலத்துப் படம் எங்களிடம் வேறு கிடையாது.

வாரண்டிக்குப் போன் செய்தேன். முதலில் ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். அடுத்த வாரம், வாரண்டி கதவுக்கு மட்டும்தான், அலமாரிக்கு இல்லை என்றார்கள். அப்புறம் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்கள்.

எங்கள் தெருக் கொத்தனார் அண்ணன் வந்து பார்த்தார். கையுறை போட்டுக்கொண்டு ஒரு ஓட்டையின் சிமெண்ட்டைச் சுரண்டி எடுத்து, விளக்குமாற்று ஈர்க்குச்சியை உள்ளே விட்டார். நகக்கண் அளவுகூடப் போகவில்லை. டைல்ஸ் கனத்துக்கு மட்டும் துளைத்து, கான்கிரீட் தொடங்கும் இடத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். ஏழு ஓட்டை பார்த்தோம், ஆறு இதே கதை.

இப்படி மண் கோடு கட்டும் கரையான் கதவில் குடியிருப்பதில்லை. புற்று மண்ணுக்குள் இருக்கிறது, அங்கிருந்து மண் கோடு கட்டிக்கொண்டு மேலே வருகிறது. ஆகவே ஓட்டை தளத்தைத் தாண்டி அடியில் உள்ள மண் வரை போக வேண்டும், மருந்து அந்த மண்ணில் ஊற வேண்டும். கட்டி முடித்த வீடுகளுக்கு இந்திய தர நிர்ணயம் ஐஎஸ் 6313 மூன்றாம் பகுதி இருக்கிறது. அதன்படி தரையும் சுவரும் சேரும் இடத்தில் 12 மி.மீ. ஓட்டை, சுமார் 300 மி.மீ. இடைவெளி, அதாவது அடிக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் மண் குடிக்கிற வரை, ஒரு லிட்டர் வரைக்கும் மருந்து விட வேண்டும். இப்போது கணக்குப் போடுங்கள். 30-க்கு 30 அடி வீட்டுக்கு நாலு பக்கச் சுவர் மட்டுமே 120 அடி. எனக்குப் போட்டது 45 ஓட்டை. கொண்டுவந்ததோ 20 லிட்டர், அதிலும் பாதிக் கேனைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போனார்கள். அன்றைக்கே இது தெரிந்திருந்தால் வாசலிலேயே மறித்திருப்பேன்.

திரும்ப வேறு ஒருவரை வைத்துச் செய்தோம், 160 ஓட்டைக்கு மேல், முழுநாள் வேலை. அவர் சீல் உடைக்காத பாட்டிலைக் கொண்டுவந்து என் கண்முன்னே திறந்தார். இமிடாக்ளோபிரிட் 30.5 சதவீதம், லிட்டர் தண்ணீருக்கு 2.1 மி.லி. என்று அளந்து கலந்தார். லேபிளை போட்டோ எடுத்துக்கொள்ளச் சொன்னதும் அவர்தான். மருந்துப் பெயர் கேட்பதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். 2024 நவம்பரில் குன்றத்தூரில் எலி மருந்து வைத்த வீட்டில் தூங்கிய இரண்டு குழந்தைகள் இறந்தது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். எந்தப் பூச்சிமருந்து டப்பாவிலும் முக்கோணக் குறி இருக்கும். சிவப்பு என்றால் மிகக் கொடிய நஞ்சு, அடுத்து மஞ்சள், நீலம், கடைசியில் பச்சை. 1968 பூச்சிக்கொல்லிச் சட்டப்படி இந்தத் தொழில் செய்ய உரிமம் வேண்டும், நகல் கேளுங்கள். தர மறுத்தால் ஆளை அனுப்பிவிடுங்கள்.

எங்கள் வீட்டில் கரையானை வரவழைத்தது சிங்க் அடியில் மாதக்கணக்கில் கசிந்த பைப்தான், அந்தச் சுவர் ஓதம் காத்தே கிடந்தது. அதைச் சரிசெய்தாயிற்று. அலமாரியைச் சுவரை விட்டு நகர்த்தி, அட்டைப் பெட்டிகளைத் தரையிலிருந்து தூக்கிவிட்டோம்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்தேன், இப்போது நுகர்வோர் ஆணையத்தில் மனுவும் போட்டிருக்கிறேன். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. மடிப்பாக்கம், நங்கநல்லூர், கீழ்க்கட்டளை பக்கம் இந்த வருஷம் கரையானுக்கு ட்ரில் போட்டவர்கள் யாராவது இருந்தால், ஒரு ஓட்டையைத் திறந்து ஈர்க்குச்சி விட்டுப் பாருங்கள். உள்ளே போகவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்து புகார் கொடுக்கலாம்.