கண்ணாடிக்குள் வலை: லூப், போலராய்டு தாள், புற ஊதா டார்ச் மூன்றில் எதற்குக் காசு செலவழிக்கலாம்?

உள்ளே வலை தெரிகிற கலைக்கண்ணாடி எல்லாம் ஒரே சாதி அல்ல. நெய்த கண்ணாடியிழை வலையை நிஜமாகவே புதைத்தவை உண்டு. கோடுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பதிக்கும் வெனிஸ் மரபின் ரெட்டிசெல்லோவும், ஸ்வீடனின் ஓரெஃபோர்ஸ் ஆலைக்காக ஸ்வென் பால்ம்க்விஸ்ட் 1940களில் உருவாக்கிய க்ராகா என்ற கண்ணாடி வகையும் தூரத்தில் அப்படியே தோன்றும். நைலான் வலை, பருத்தி வலை என்று விற்பவரை நம்ப வேண்டாம்: கண்ணாடிக் குழம்பின் சூடு 1,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும், நைலான் 270 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும், பருத்தி கரியாகிவிடும்.

வாங்க வேண்டியது 10 மடங்கு லூப், அதாவது கண்ணருகே வைத்துப் பார்க்கும் சிறு உருப்பெருக்கி. வலையின் குறுக்குச் சந்திப்பில் குவியுங்கள். பாவும் (நீள நூல்) ஊடையும் (குறுக்கு நூல்) மாறி மாறி மேலும் கீழும் போனால் அது துணி. இரண்டு பாவு நூல்கள் ஊடையை முறுக்கிப் பிடித்திருந்தாலும் துணிதான். இழைக் கற்றைக்குள் சிக்கிய காற்றும் மேற்பூச்சு எரிந்த வாயுவும் நூலோடு ஒட்டி நுண்குமிழ்களாக நிற்கும். ரெட்டிசெல்லோவில் ஒரு திசைக் கோடுகள் எல்லாம் ஓர் அடுக்கு, எதிர்த்திசைக் கோடுகள் இன்னோர் அடுக்கு. பின்னல் கிடையாது, கண்ணிக்கொரு குமிழ் இருக்கும். க்ராகாவிலும் குமிழ் கண்ணிக்குள்தான், ஆனால் வலை வெறும் நிறக்கோடு. அதன் அடியில் பொறித்திருக்கும் பெயரையும் எண்ணையும் சேர்த்துப் பாருங்கள்.

20 மடங்கு லூப் இந்த வேலைக்கு வீண். அதன் குவியத் தூரம் சுமார் 12.5 மி.மீ.; கண்ணாடியின் ஒளிவிலகலால் லென்ஸை ஒட்டி வைத்தாலும் 18 மி.மீ. ஆழம்தான் எட்டும். 10 மடங்குக்கு 37 மி.மீ. வரை கிடைக்கும். வளைந்த பரப்பு உருவத்தைக் கலைத்தால், ஒரு சொட்டு கிளிசரின் விட்டு அதன்மேல் தட்டையான ஸ்லைடை வையுங்கள்.

போலராய்டு தாள், அதாவது ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தாள், மலிவு, பயனோ அதிகம். எல்சிடி திரையில் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, பொருளை முன்னால் பிடித்து, திரை இருளும்வரை தாளைத் திருப்புங்கள். சாதாரண சோடாக் கண்ணாடி சூட்டில் விரிவதில் ஏறத்தாழ பாதிதான் இழைக் கண்ணாடி விரியும். ஆறும்போது இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும்; அந்த இழுவிசை இருண்ட திரையில் வெளிச்சமாகத் தெரியும். அதனால் தடித்த நூலருகே லேசான வெளிச்சம் சகஜம். அங்கிருந்து மயிரிழை விரிசல் கிளம்பியிருந்தால் வாங்காமல் விட்டுவிடுங்கள்.

365 நானோமீட்டர் புற ஊதா டார்ச்சுக்குத்தான் தேவைக்கு மீறிய புகழ். யுரேனியம் கலந்த கண்ணாடி பச்சையாக ஒளிரும், ஒட்டுப்போட்ட பசை பல நேரம் காட்டிக்கொடுக்கும். வலையைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. கறுப்பு வடிகட்டி இல்லாத டார்ச் ஊதா வெளிச்சத்தைக் கொட்டி அதையும் மறைத்துவிடும்.

ரெசின் வார்ப்பு என்ற சந்தேகம் வந்தால் தராசே போதும். காற்றில் உள்ள எடையை, தண்ணீரில் தொங்கவிடும்போது குறையும் எடையால் வகுங்கள்: 2.5 அல்லது அதற்கு மேல் வந்தால் கண்ணாடி, 1.2 அருகே என்றால் ரெசின். உள்ளே மூடிய வெற்றிடம் உள்ள பொருளுக்கு இந்தக் கணக்கு செல்லாது.