மேட்டில் வீசிப் பள்ளத்தில் தேடிய கதை

வர்ஜீனியாவில், ப்ளூ ரிட்ஜ் மலையடிவாரத்தில் ஒரு பண்ணை ப்ரூவரி, அதாவது பண்ணையிலேயே பீர் காய்ச்சும் இடம். பெயர் வேண்டாம், கொஞ்சம் திட்டவும் போகிறேன். மேடும் பள்ளமுமான அவர்கள் நிலத்தில் 18 கூடை நட்டு டிஸ்க் கால்ஃப் மைதானம் போட்டிருக்கிறார்கள். போன சனிக்கிழமை மச்சானோடு போயிருந்தேன். ஆட இலவசம், தட்டு வாடகை மட்டும் 5 டாலர்.

கால்ஃப்தான், ஆனால் பந்துக்குப் பதில் ஃபிரிஸ்பீ மாதிரி பறக்கும் தட்டு, குழிக்குப் பதில் சங்கிலி தொங்கும் இரும்புக் கூடை. தட்டு சங்கிலியில் பட்டு ‘சலங்’கென்று கூடையில் விழும் சத்தத்துக்காகவே ஆடலாம். அந்தச் சங்கிலிக் கூடைக்கு 1977ல் காப்புரிமை வாங்கிய எட் ஹெட்ரிக் சமதரையை மனதில் வைத்திருப்பார் போல.

முதல் கூடையே கண்ணுக்குக் கீழே, தூரத்தில் தெரிகிறது. பூங்காவில் ஆடிப் பழகிய கை சும்மா இருக்குமா? முழு பலத்தில் வீசினேன். வலது கையை உடம்புக்குக் குறுக்கே இழுத்து பேக்ஹேண்டாக வீசினால் தட்டு கடைசியில் இடப்பக்கம் சாயும். உயரத்திலிருந்து வீசும்போது கூடுதல் நேரம் மிதப்பதால் சாய்ந்துகொண்டே போகிறது. நேராக, பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் கொடிப் பந்தலுக்குள் புகுந்துவிட்டது. பண்ணை ப்ரூவரி உரிமம் வேண்டுமென்றால் பீரில் சேரும் எதையாவது சொந்த நிலத்தில் விளைவிக்க வேண்டும் என்று 2014ல் இங்கே சட்டம் வந்தது. அந்தச் சட்டத்துக்குள் குனிந்து கால் மணி நேரம் தேடினேன்.

ஏழாவது கூடைதான் வில்லன். சரிவின் நடுவில் நிற்கிறது. ஐந்து மீட்டரிலிருந்து போட்டேன். விளிம்பில் தட்டி, விளிம்பாலேயே தரையில் நின்று, சைக்கிள் டயர் மாதிரி உருள ஆரம்பித்தது. நிற்கும் நிற்கும் என்று பார்த்தால் ஓடைக்கரை வரைக்கும் போனது. “மாப்ள, எறியுறதை விட எடுக்குறதுக்குத்தான் நிறைய நடக்குறோம்” என்றான் மச்சான். அடுத்த ரவுண்டில் அந்தக் கூடைக்கு மேட்டுப் பக்கம் நின்று போடவே இல்லை. ஒரு வீச்சு போனாலும் பரவாயில்லை என்று சுற்றிக் கீழே வந்து, மேலே பார்த்துப் போட்டேன். ‘சலங்.’

இப்போது திட்டு. வாடகைக்குக் கொடுத்த மூன்று தட்டும் ‘டிரைவர்’ வகை, அதாவது தொலைதூர வீச்சுக்கானவை. அதிவேகத்தில் வீசத் தெரிந்தவர் கைக்கு மட்டுமே அடங்குபவை. புதிதாக வந்தவருக்கு நடுத்தூரத்துக்கு ஒரு மிட்ரேஞ்ச், கூடைக்குப் பக்கத்திலிருந்து போட ஒரு பட்டர் (putter) போதும். அதைக் கேட்டால் கவுன்டர் பையன் முழிக்கிறான். மச்சான் தட்டுகள் எல்லாம் பாதி வழியிலேயே இடப்பக்கம் விழுந்தன. என் பையிலிருந்த ‘Buzzz’ என்ற மிட்ரேஞ்ச் தட்டைக் கொடுத்த பிறகுதான் ஆள் சிரித்தான். ஒன்பதாவது முடிந்து பத்தாவதுக்கு எந்தப் பக்கம் என்று ஓர் அம்புக்குறிகூட இல்லை. மாட்டு வேலியை ஒட்டி நடந்து பதினான்காவதில் போய் நின்றோம்.

பீர்? பில்ஸ்னர் அருமை, சில்லென்று, தொண்டைக்கு இதம். ஐபிஏ (கசப்பு தூக்கலான பீர் வகை) பாகற்காய்ச் சாறு. ஆட்டம் முடித்துக் குடியுங்கள், அந்தச் சரிவில் நிதானமாக இருக்கும்போதே கால் நிற்காது. மச்சான்தான் வண்டி ஓட்டினான் என்பதால் அவனுக்கு ரூட் பீர் மட்டும், பெயரில்தான் பீர், அது போதையில்லாத இனிப்புச் சோடா.

மறுபடி போவேன், சொந்தத் தட்டுகளோடு. முழங்கால் வரை காலுறை போட்டுக்கொள்ளுங்கள். காரில் ஏறும்முன் கழற்றிப் பார்த்தோம்: எனக்கு ஒரு உண்ணி, மச்சானுக்கு இரண்டு.